நேற்றைய சட்டியில் இன்றைய தயிர்

எங்கள் கடலோர ஊரான சல்லியில் வளரும் பிள்ளைகளுக்குக் கடல் தெரியும். கரைவலை ஏறும் நேரமும் தோணி திரும்பும் திசையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். வீட்டுக்கு வரும் சட்டித் தயிர் எங்கே பிறக்கிறது என்பதுதான் தெரியாது. அதைக் காட்டவென்றே ஒரு ஞாயிறு விடியுமுன் குடும்பமாகப் புறப்பட்டோம். சாம்பல்தீவு, உப்புவெளி, திருகோணமலை நகரம், சீனக்குடா தாண்டிக் கிண்ணியாப் பாலம். 2009 இல் திறந்த இந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதற்கு முன் அந்த நீரைப் ‘பாதை’யில் ஏறித்தான் கடந்தோம், வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

அறுவடை முடிந்த வயலின் ஓரம் எருமைப் பட்டி. பால் கறந்ததும் எருமைகள் நேரே சேற்றுக்குப் போயின. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. கறுத்த தோலோ வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். உடம்பில் பூசிய சேற்றின் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

வயலில் மிஞ்சிய வைக்கோலும் புல்லும்தான் அவற்றின் உணவு. அதிலுள்ள செல்லுலோசை எருமையால் தானாகச் செரிக்க முடியாது. இரைப்பையின் முதல் அறையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே அதை நொதிக்கவைத்து எருமைக்கு உணவாக்குகின்றன. அப்படி வரும் பாலில் 7 முதல் 8 வீதம் கொழுப்பு. பசும்பாலில் ஏறக்குறைய 4 வீதம். புல்லில் உள்ள மஞ்சள் நிறமியான கரோட்டினை எருமை விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதால், அதன் பால் தூய வெள்ளை.

பட்டிக்காரர் வீட்டில் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மண்சட்டிகளில் ஊற்றினார்கள். பிறகு நேற்றைய சட்டியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி உறை.

“நேற்றைய தயிர் இல்லாட்டி என்ன செய்வீங்க, மாமி?” என்று மகள் கேட்டாள்.

“பக்கத்துப் பட்டியில வாங்குவம், மகள். உறைக்கு ஒருத்தரும் இல்லண்டு சொல்லமாட்டாங்க.”

அந்தக் கரண்டியில் இருப்பவை உயிர்கள். லக்டிக் அமில பக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. மணிக்கு ஒருமுறை இரட்டித்தால்கூட, ஒன்று பத்து மணித்தியாலத்தில் 1024 ஆகிவிடும். பாலில் மிதக்கும் கேசீன் என்ற புரதத் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பவை. பால் நீராக ஓடுவது அதனால்தான். பாலின் பிஎச் அளவு ஏறக்குறைய 6.7. அமிலம் ஏறி அது 4.6 ஐ நெருங்கும்போது அந்தத் தள்ளுவிசை அற்றுப்போகிறது. துணிக்கைகள் கைகோத்து வலையாகின்றன. நீரும் கொழுப்பும் அதற்குள் சிக்கிக்கொள்கின்றன. வலை என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

காய்ச்சுவது கிருமியைக் கொல்ல மட்டுமல்ல. சூட்டில் குலையும் மற்றப் புரதங்கள் கேசீனோடு ஒட்டிக்கொண்டு வலையை இறுக்குகின்றன. சட்டிக்கும் ஒரு வேலை உண்டு. சுட்ட மண்ணின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக்குகின்றன. தயிர் கெட்டியாகிறது, குளிர்ச்சியும் பெறுகிறது. காலையில் சேற்றில் கிடந்த எருமை தன்னைக் குளிர்வித்துக்கொண்டதும் இதே வழியில்தான்.

பால் புளிப்பதற்கு நுண்ணுயிரே காரணம் என்று லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டியது 1857 இல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் பெண்கள் அந்த உயிர்களைப் பெயர் தெரியாமலே பேணி வளர்த்திருந்தார்கள். அருங்காட்சியகத்தில் பழைய சட்டியை வைக்கலாம். உறையை வைக்க முடியாது. சில நாள் கவனிக்காமல் விட்டால் அது மடிந்துபோகும். நாளும் பால் ஊற்றி வளர்ப்பதைத் தவிர அதைக் காக்க அந்த வீடுகளில் வேறு வழி இருக்கவில்லை.

போரில் இந்த மாவட்டம் பலமுறை இடம்பெயர்ந்தது. 2006 இல் மூதூர் மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். மீண்டு வருபவர் மாடு தேடலாம், சட்டி வாங்கலாம். உறை மட்டும் இன்னொருவர் வீட்டில் உயிரோடு இருந்தால்தான் கிடைக்கும். மாமி சொன்ன பதிலின் கனம் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

கொண்டுவந்த சட்டியை அன்றிரவே முடித்தோம். அடியில் ஒரு கரண்டியை மகள் யாருக்கும் கொடுக்கவில்லை. இளஞ்சூட்டுப் பாலில் அதைக் கரைத்து மூடிவைத்தாள். விடிந்ததும் சட்டியைச் சரித்துப் பார்த்தாள். தயிர் அசையவில்லை.