தீவகமும் ஆங்கிலமும்



யாழ்ப்பாணத்துத் தீவுகளின் பழைய படமொன்றை விரித்து நோக்குவோர், ஒல்லாந்து நாட்டின் படத்தையே காண்பதாக மயங்கக்கூடும். ஊர்காவற்றுறை அமைந்த தீவுக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும் ஒல்லாந்தர் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். டெல்ஃப்ற் என்பது ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது. ஊரவர் வாயிலோ அது என்றும் நெடுந்தீவுதான்.

பிறமொழியார் பெயர்களோடு சொற்களையும் விட்டுச் சென்றனர். யன்னல், அலுமாரி, மேசை, குசினி என்பன போர்த்துக்கேயர் தந்தவை. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. குசினியிலே கூழ் காய்ச்சும் மூதாட்டி, தாம் போர்த்துக்கேயச் சொல்லை வழங்குவதாக எண்ணுவதில்லை. இவற்றால் தமிழ் நலிந்துவிடவில்லை.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் மொழி தமிழுக்குச் சொற்களைக் கொடுத்ததிலும் பார்க்க, தமிழ் செய்யவேண்டிய காரியங்களைத் தான் வாங்கிக்கொண்டதே மிகுதி. கந்தோரின் பெயர் ஒல்லாந்தச் சொல்லாகவே இருக்க, உள்ளே எழுதப்பட்டது ஆங்கிலமாயிற்று. உயர்நீதிமன்ற வழக்கும், உயர்கல்வியும், மாதச் சம்பளமும் அம்மொழியின் பின்னே சென்றன. வானம் பார்த்த பூமியை நம்பி வாழ்ந்த பெற்றோர், மகன் ஆங்கிலம் கற்று மலாய் நாட்டில் எழுதுவினைஞனாதல் வேண்டுமென விரும்பியதைக் குற்றமென்று கூறலாகாது. எனினும், வீடும் கோயிலும் சந்தையும் போதுமென்று ஒரு மொழியை ஒதுக்கிவிட்டால், புதிய அறிவைச் சொல்லும் பழக்கம் அதற்கு எங்ஙனம் வரும்?

இதே ஆங்கிலத்தைத் தமிழுக்கு ஏவல் செய்வித்தவர் ஒருவரும் இத்தீவகத்தவரே. 1913இல் பிறந்த கரம்பனூர்த் தனிநாயகம் அடிகள், ஆங்கிலவழியில் கற்று, உரோமாபுரியிலும் பயின்று, அதன் பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகக் கற்றார். தமிழ்ப் பண்பாட்டைப் பிறநாட்டறிஞர்க்கு உணர்த்த 1952இல் அவர் தொடங்கிய இதழ் ஆங்கில இதழாகும். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றவும், அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடவும் முன்னின்றவர் அவரே. ஆங்கிலம் அவருக்கு வாயிலாக அமைந்தது. சொல்லவந்த பொருள் தமிழாக இருந்தது.

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என வகுத்தது. ஆயின் அதற்கிடையில் போர் மூண்டு, தீவக மக்களுள் பெருந்தொகையினர் கடல் கடந்துவிட்டனர். இன்று புங்குடுதீவிலிருந்து பேத்தி சொல்லும் தமிழை, கனடாவிலுள்ள பேரன் ஒருவாறு விளங்கிக்கொள்கிறான். மறுமொழியோ ஆங்கிலத்தில் வருகிறது. அத்தகைய பிள்ளைகளுக்கென்று வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் அங்கு நடைபெறுகின்றன. அவற்றுட் சிலவற்றில் தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே விளக்கவேண்டியிருக்கிறது. விளக்கம் முடிந்ததும் பிள்ளைகள் கொப்பிகளை விரித்துத் தம் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதிப் பழகுகிறார்கள்.