நீரூற்று நில்லாதிருக்க

சங்க முற்றத்தில் ஒரு சிறு குளமும் அதன் நடுவே ஒரு நீரூற்றும் இருப்பது கண்ணுக்கு அழகென்பதன்றி வேறு பயன் யாது என்று கேட்போர் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற கோடையில் ஒரு நாள் விடியற்காலையில் நேர்ந்த நஷ்டம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

முந்திய இரவு நீரூற்று நின்றுவிட்டது. காலையில் மீன்கள் பல இறந்து மிதந்தன. எஞ்சியவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து தவித்தன. மோட்டாரின் கம்பிச்சுருள் கருகியிருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது, புங்க இலைகளும் பாசியும் தறிக்கூடத்திலிருந்து பறந்து வந்து படிந்த நூற்பிசிறும் ஒன்றாக முறுகி, உறிஞ்சும் வாயை அடைத்திருக்கக் கண்டோம். ஊற்றின் உயரம் மூன்று வாரமாகக் குறைந்து வந்ததை யாவரும் பார்த்திருந்தோம். பிறர் கவனிப்பர் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். பொதுச் சொத்துக்கு நேரும் கேடு பெரும்பாலும் இவ்வழியே வருகிறது.

குளத்தைத் தூர்த்துவிடலாம் என்று அங்கத்தினர் சிலர் கூறினர். காரணத்தை அறிந்து திருத்துவதே சிக்கனம் என்று முடிவாயிற்று. அவ்வாறு நாம் கற்றவற்றை இங்குத் தருகிறோம்.

முதலாவது, மோட்டாரைக் குளத்தின் அடியில் நேராக வைத்தல் ஆகாது. சேறும் மட்கிய இலையும் தங்குமிடம் அதுவே. இரண்டு செங்கற்களின்மேல் உயர்த்தி வைத்து, சுற்றிலும் அகன்ற வலைக்கூடை ஒன்றை அமைத்தல் வேண்டும். கூடையின் கண்கள் ஊற்று முனையின் துவாரத்தைவிடச் சிறியனவாக இருத்தல் அவசியம். முனையை அடைக்கத்தக்க துரும்பு கூடையிலேயே நின்றுவிடும். கூடை எவ்வளவு பெரிதோ அவ்வளவு உறிஞ்சும் வேகம் பரந்து தணியும். குப்பையும் விரைவில் ஒட்டாது. நீரில் அமிழ்ந்த இச்சிறு மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவதும் ஓடும் நீரே. வாய் அடைபட்டால் நீர் குறையும், சூடு மிகும், சுருள் கருகும்.

இரண்டாவது, பாசிக்கு உணவும் வெயிலுமே மூலம். மீன்கள் சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே இரை இடுக. தோட்டத்து உரநீர் குளத்தில் வடியாதபடி கரையைச் சற்று உயர்த்துக. அல்லியிலைகள் நீர்ப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை மூடினால் நிழல் போதும். பாசியைக் கொல்லத் துத்தம் முதலியவற்றைக் கொட்டுவது பெருந்தவறு. அது மீனுக்கு நஞ்சு. அன்றியும், இறந்த பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறையும். பாசி இரவில் பிராணவாயுவை உட்கொள்வதால் விடியலுக்குச் சற்றுமுன் அது மிகக் குறைந்திருக்கும். அந்நேரத்தில் ஊற்று நின்றதே எமது மீன்களுக்கு யமனாயிற்று.

மூன்றாவது, உப்பு மிகுந்த கிணற்று நீரானால் முனையில் சுண்ணாம்பு படியும். கம்பியால் குத்தினால் துவாரம் சிதைந்து ஊற்று கோணும். முனையைக் கழற்றி வினிகரில் ஓரிரவு ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் அலசிப் பின் பொருத்துக. வினிகருடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்த்தலாகாது. நச்சு வாயு எழும்.

நான்காவது, நீரில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, இணைப்பையும் பிடுங்கிவிடுதல் வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் பொருத்தியிருத்தல் அவசியம். இதில் அலட்சியம் உயிருக்கே ஆபத்து.

இப்பொழுது குளத்தருகே, ஊற்றின் வழக்கமான உயரத்தைக் குறித்த மூங்கிற்கழி ஒன்றை நட்டிருக்கிறோம். ஊற்று அக்குறியினின்று கால் பங்கு தாழ்ந்தால் கூடையைக் கழுவவேண்டும் என்பது விதி. வாரந்தோறும் முறைவைத்து ஓர் அங்கத்தினர் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார். இலையுதிர் காலத்தில் வாரம் இருமுறை. அசையும் நீரில் கொசு முட்டையிடுவது அரிதாதலால், அண்டை வீடுகளுக்கும் இதனால் நன்மையே.

பயிரிடும் அன்பர்கள் இதனைத் தம் சொட்டுநீர்க் குழாய்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். அங்கும் துவாரம் சிறிது. அடைப்பவை மண்ணும் பாசியும் சுண்ணாம்புமே. வடிகட்டியை முதலில் கழுவி, குழாய்க் கடைமுனைகளைத் திறந்து அழுக்கு நீரை வெளியேற்றினால், செடிக்குச் செல்லும் நீர் தடைப்படாது.

புதிய மோட்டாரின் விலையைவிடக் கூடையைக் கழுவும் கால்மணி நேர உழைப்பு மிக மலிவு. ஊற்று தாழக் கண்டவர் எவரோ, அவரே கழுவ முன்வருவாராக.