பிற துறைப் பட்டதாரியும் சரித்திர மேற்படிப்பும்

மும்பை, தில்லி, ஜாம்ஷெட்பூர் போன்ற நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், பிள்ளைகள் வணிகவியலோ விஞ்ஞானமோ பொறியியலோ பயில்வது பெருவழக்கு. அவர்களுள் ஒருவர் பட்டம் பெற்றபின், "சரித்திரத்தில் எம்.ஏ. படிக்க விரும்புகிறேன்" என்றால் வீட்டில் கலக்கம் பிறக்கிறது. வேறு துறையினரைச் சேர்ப்பார்களா? முன்பு படித்த படிப்பு வீணா? பிழைப்புக்கு வழி என்ன? இம்மூன்று வினாக்களையும் முறையே ஆராய்வோம்.

முதல் வினாவுக்கு விடை எளிது. 2022-ஆம் ஆண்டு முதல் மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவும் முதுகலைக்குப் பொது நுழைவுத் தேர்வின் வழியே மாணவரைச் சேர்த்து வருகின்றன. தேசிய அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ நடைபெறும் நுழைவுத் தேர்வில் தேறியவர், இளங்கலையில் எத்துறை பயின்றிருப்பினும் வேறு துறையில் முதுகலை பயிலலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் வெளியிட்ட பாடத்திட்ட வரைமுறையின் கருத்து. எனினும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனி நிபந்தனை விதிக்கக்கூடும். ஆதலின் அதன் அறிவிப்பைப் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். பணியிலிருப்போர்க்கு, எத்துறைப் பட்டதாரியையும் ஏற்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழி எம்.ஏ. உகந்தது.

முன்பு கற்றது வீணாவதில்லை. தாமோதர் தர்மானந்த கோசாம்பி கணித அறிஞர். பழைய வெள்ளி முத்திரைக் காசுகளை அவர் ஒவ்வொன்றாக நிறுத்தார். கைமாறும் காசு தேயும், தேய்ந்தால் எடை குறையும் என்னும் எளிய உண்மையைப் புள்ளியியலோடு இணைத்து, காசுகளின் காலவரிசையை ஆராய்ந்தார். 1956-இல் அவர் வெளியிட்ட இந்தியச் சரித்திர ஆராய்ச்சி நூல் அத்துறைக்கே புதுவழி காட்டிற்று. நம் ஐராவதம் மகாதேவன் ரசாயனமும் சட்டமும் பயின்று ஆட்சிப் பணியில் அமர்ந்தவர். அவரே தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிய பெருநூலை 2003-இல் அளித்தார்.

ஆயினும் பிற துறையினர்க்கு ஒரு குறை உண்டு. அது ஆண்டுகளை மனனம் செய்யாமை அன்று. சான்றை எடைபோடும் பழக்கமின்மையே. ஓர் அரசன் பகைவரை வென்றான் என்று கல்வெட்டுக் கூறினால், சரித்திர மாணவன் உடனே நம்பிவிடுவதில்லை. வெட்டுவித்தவர் யார், எப்பொழுது, எதற்காக, தோற்றவன் நாட்டுக் கல்வெட்டு யாது சொல்கிறது என்று வினவுகிறான். இப்பயிற்சி பெற ஓராண்டு முயற்சி வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புச் சரித்திரப் பாடநூல்களில் தொடங்கி, நீலகண்ட சாஸ்திரியார் 1955-இல் வெளியிட்ட தென்னிந்திய வரலாறு போன்ற நூல்களுக்குச் செல்லலாம். வாரம் ஒரு கட்டுரை எழுதிப் பழகுவதும் அவசியம். கணக்கும் சூத்திரமும் எழுதிய கை, வாதத்தை வளர்த்தெழுதத் தயங்கும்.

வெளிமாநிலத்தில் வளர்ந்தோர்க்கு ஒரு தனி வாய்ப்பும் உண்டு. தஞ்சையை மராட்டியர் 1855 வரை ஆண்டனர். அவர்கள் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் பல தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. மராத்தியும் தமிழும் அறிந்த மும்பைத் தமிழ் இளைஞர் மோடி எழுத்தையும் கற்பாராயின், ஒரு மொழி மட்டுமே அறிந்தவர் எட்டாத சான்றுகளை அவர் எட்டுவார். ஆதலின் பிள்ளைகளுக்குத் தமிழைப் பேசவும் எழுதவும் கற்பித்தல் நன்று.

பிழைப்பைப் பற்றி ஒளிவின்றிக் கூறுவோம். 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி கல்லூரி உதவிப் பேராசிரியர் பதவிக்கு முதுகலையில் நூற்றுக்கு 55 மதிப்பெண்ணும், தேசியத் தகுதித் தேர்வில் வெற்றியோ முனைவர் பட்டமோ வேண்டும். இளங்கலைத் துறை இங்கே பெருந்தடையன்று. ஆனால் பள்ளிச் சமூகவியல் ஆசிரியர் பதவிகள் பலவற்றுக்கு இளங்கலையிலேயே சரித்திரம் போன்ற பாடங்களைப் பயின்றிருக்க வேண்டும். பள்ளிப் பணியை நாடுவோர் இதனை முன்பே அறிதல் வேண்டும். இரண்டாண்டு கழித்து அறிந்து பயனில்லை.

ஆகவே, மகனோ மகளோ இவ்விருப்பத்தைத் தெரிவித்தால் உடனே மறுக்கவும் வேண்டா. உடனே இசையவும் வேண்டா. ஓராண்டுக் காலம் மாலைதோறும் படிக்கட்டும்; எழுதட்டும். அதன் பின்னும் ஆர்வம் குன்றாதிருப்பின், தயங்காது விண்ணப்பிக்கச் செய்யலாம்.