விளிம்பற்ற நீலம்

ஜீயபுரத்திலிருந்து காவிரியின் தென்கரையை ஒட்டிக் கிழக்கே சென்றால் வரும் உறையூரே, 5ஆம் நூற்றாண்டின் பாலி நூலாசிரியர் புத்ததத்தர் பிறந்த உரகபுரம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. காவிரிப்பட்டினத்து விகாரையில் அவர் இயற்றிய அபிதம்மாவதாரமும், ஏறத்தாழ அக்காலத்திலேயே அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கமும் கசிணம் என்னும் தியானத்தை விளக்குகின்றன. மண், நீர் முதலான பத்துப் பொருள்களுள் ஒன்றில் கண்ணை நிறுத்தி மனத்தை ஒருமுகப்படுத்துவதே கசிணம். அப்பத்தில் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆகிய நான்கும் வெறும் நிறங்கள்.

நீலக் கசிணத்துக்கு நீலோற்பல இதழ்களைத் தட்டில், காம்பும் தாதும் வெளியே தெரியாதபடி, விளிம்பு மட்டத்துக்கு நிரப்ப வேண்டும், துணியாலும் அமைக்கலாம். அந்த நீலத்தைச் சுற்றி வேறொரு நிறத்தால் எல்லை வகுக்க வேண்டும் என்று விசுத்திமக்கம் சொல்வது, போகிறபோக்கில் சொன்னதுபோல் தோன்றினாலும், மிக நுட்பமானது.

ஏனெனில், கண் அறிவது பெரும்பாலும் வேறுபாடுகளையே. ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் மெட்ஸ்கர் 1930இல் ஆராய்ந்த ‘கான்ட்ஸ்ஃபெல்ட்’ என்னும் முழுப்புலத்தில், அதாவது பார்வை எட்டும் இடமெல்லாம் விளிம்போ புள்ளியோ இன்றி ஒரே ஒளி நிரம்பிய நிலையில், பார்ப்பவர் சுவரைக் காண்பதில்லை, மூடுபனியையே காண்கிறார். பிங்பாங் பந்தின் பாதிகளைக் கண்களின்மேல் பொருத்திச் சிவப்பு ஒளி பாய்ச்சினால், விழித்திரையும் மூளையும் மாறாத தூண்டலுக்குப் பழகிவிடுவதால், சில நிமிடங்களில் சிவப்பு வெளிறிச் சாம்பலாகிறது. ஜீயபுரத்து நெல்வயலின் பச்சை எவ்வளவு விரிந்தாலும் அப்படி மங்காததற்கு, இடையே ஓடும் வரப்பும் ஓரத்து வாழையும் மேலே வானமும் காரணம். முழுப்புலத்தில் நீண்ட நேரம் இருப்போர் சிலருக்குக் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே புலப்படாமல் போகிறது. சிலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றுகின்றன. தன் உடல் எங்கே முடிகிறது என்னும் உணர்வும் தளர்வதுண்டு.

கசிணத்திலோ எல்லை வெளியே இருக்க, அகத்தில்தான் அது அகற்றப்படுகிறது. கண்ணை மூடினாலும் தெரியும் அந்த நீலம் முதலில் பார்த்தபடியே குறைகளோடு தோன்றி, பின்னர் மாசற்ற பிம்பமாகிறது. அதைப் படிப்படியாகப் பெருக்கி, தியானத்தின் நான்காம் படிக்குப்பின் அதையும் நீக்கினால் எஞ்சுவது எல்லையற்ற வெளி, அதற்கப்பால் எல்லையற்ற அறிவு, அதற்கும் அப்பால் ஒன்றுமின்மை.

இரண்டும் ஒன்றே எனல் அவசரமாகும். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தவருக்கு ‘தான்’ மங்குவது தானாக நேர்வது. நேரம் முடிந்ததும் பந்துகளை எடுத்துவிடுகிறார்கள். தியானிப்பவரோ புகுவதைப் போலவே, தாம் குறித்த பொழுதில் அந்நிலையிலிருந்து எழுவதையும் தனித்திறனாகப் பழக வேண்டும் என்று விசுத்திமக்கம் விதிக்கிறது.