கரிசல் கண்ட கதைஞர்

வைப்பாற்றின் கரையில் அமைந்த ஊர் சாத்தூர். அவ்வூரை நீங்கித் தெற்கு நோக்கிச் செல்வோர் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரையில் காண்பது கருநிற மண்ணேயாகும். மழை பெய்தால் காலைப் பற்றி இழுக்கும் சேறாகவும், வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் தரையாகவும் விளங்கும் அம்மண்ணைக் கரிசல் என்பர். ஆற்றுப் பாசனத்தின் வளம் அந்நிலத்திற்கு இல்லை. பருத்தி, கம்பு, சோளம், மிளகாய் முதலியன வானத்தை நம்பியே விளைகின்றன. இத்தகைய வறண்ட நிலத்தினின்று தமிழுக்கு வளமானதோர் இலக்கியம் தோன்றியது வியப்பன்றோ! அதற்குக் காரணராய் விளங்கியவர் கி. இராஜநாராயணன் ஆவார். கி.ரா. என்னும் இரண்டெழுத்தாலேயே மக்கள் அவரை அறிவர்.

இளமைப் பருவம்

கோவில்பட்டிக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டி இடைசெவல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1923ஆம் ஆண்டில் உழவர் குடும்பம் ஒன்றில் கி.ரா. பிறந்தார். அவர்தம் வீட்டு மொழி தெலுங்கு. ஊர் மொழி தமிழ். அதே ஊரில் அதே ஆண்டில் பிறந்த மற்றொருவர் கு. அழகிரிசாமி. பிற்காலத்தில் சிறுகதைத் துறையில் பெரும்புகழ் பெற்ற அவர், கி.ரா.வின் உயிர்த்தோழராய் விளங்கினார். ஒரு சிற்றூரின் புழுதியில் ஒருங்கே விளையாடிய இருவரும் சாகித்திய அகாதெமியின் பரிசுக்கு உரியவரானது தமிழிலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

கி.ரா.வின் பள்ளிக் கல்வி இடையிலேயே நின்றுவிட்டது. இளமையில் காசநோய் அவரை வாட்டியது. இசையில் அவருக்குப் பெருவேட்கை இருந்தது. விளாத்திகுளம் சுவாமிகளின் இசையில் தோய்ந்து இன்புற்றார். பின்னர் உழவர் இயக்கங்களிலும் பொதுவுடைமைக் கட்சியிலும் ஈடுபட்டுச் சிறை வாழ்வையும் கண்டார். எனினும், அவருக்கு வாழ்வளித்த தொழில் உழவே. ஏர் பிடித்தவரும், ஆடு மேய்த்தவரும், களத்துமேட்டில் கதை சொல்லிய முதியோருமே அவருக்கு ஆசிரியர்களாய் அமைந்தனர். ‘மாயமான்’ என்னும் அவருடைய சிறுகதை 1958ஆம் ஆண்டில் ‘சரஸ்வதி’ என்னும் இதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது. காலந்தாழ்ந்து எழுதத் தொடங்கியவர் எனினும், காலமெல்லாம் கேட்டுச் சேர்த்த செல்வம் அவரிடம் நிறைந்திருந்தது.

கதவு

கி.ரா.வின் சிறுகதைகளுள் ‘கதவு’ என்பது தலைசிறந்ததாகப் போற்றப்படுகிறது. ஏழைக் குடும்பம் ஒன்றின் வீட்டுக் கதவே அக்கதையின் தலைமைப் பாத்திரம் எனலாம். அவ்வீட்டுச் சிறுவர்கள் அக்கதவின்மேல் ஏறி, முன்னும் பின்னும் ஆட்டி, அதனைப் பேருந்தாகக் கொண்டு விளையாடுவர். கையில் கிடைத்த தீப்பெட்டிப் படம் ஒன்றினையும் அதில் ஒட்டி மகிழ்வர். தந்தை வெளியூருக்குக் கூலிவேலைக்குச் சென்றிருந்த வேளையில், தீர்வை செலுத்தவில்லை என்னும் காரணத்தால் ஊர் அலுவலர் அக்கதவைப் பெயர்த்து எடுத்துச் செல்கின்றனர். கதவில்லா வீட்டினுள் குளிர்ந்த வாடை புகுகின்றது. கைக்குழந்தை நோயுற்று மாள்கின்றது. பின்னொருநாள் அக்கதவைத் தற்செயலாகக் கண்ட சிறுவர்கள், இழந்த உறவினரைக் கண்டாற்போல் அதனைத் தடவித் தழுவிக் கண்ணீர் பெருக்குகின்றனர்.

இக்கதையில் ஆசிரியர் எவரையும் பழித்து உரைக்கவில்லை; அறிவுரை எதனையும் கூறவில்லை. மரத்தாலாகிய ஒரு பொருளைச் சிறுவர் தழுவி நிற்கும் காட்சியொன்றினாலேயே வறுமையின் கொடுமை முழுவதையும் நம் நெஞ்சில் பதியவைக்கின்றார்.

கோபல்ல கிராமம்

1976ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ கி.ரா.வின் புகழை நிலைநாட்டிய புதினமாகும். ஆட்சியாளன் ஒருவனின் தீய நோக்கினின்று தம் குலப்பெண் ஒருத்தியைக் காத்தற்பொருட்டு, தெலுங்கு நாட்டினின்று சில குடும்பங்கள் தெற்கே ஓடிவருகின்றன. காடடர்ந்த கரிசல் நிலத்தை அடைந்து, காட்டை எரித்துத் திருத்தி, ஊரும் கழனியும் ஆக்குகின்றன. அவ்வரலாற்றினை நூறாண்டு கடந்த மங்கத்தாயார் என்னும் மூதாட்டி எடுத்துரைப்பதாகக் கதை செல்கின்றது. கும்பினியார் ஆட்சி நீங்கி விக்டோரியா மகாராணியாரின் ஆட்சி வந்த காலத்தோடு நூல் முடிகின்றது. அதன் தொடர்ச்சியாக எழுந்த ‘கோபல்லபுரத்து மக்கள்’ விடுதலைப் போராட்டக் காலம் வரை அவ்வூரின் கதையைக் கூறுகின்றது. இந்நூலுக்கு 1991ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

அரசர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் காணக்கிடக்கின்றது. காட்டை வெட்டிக் கழனியாக்கிய எளிய மக்களின் வரலாறு எங்கே எழுதப்பட்டுள்ளது? பாட்டியர் நாவில் மட்டுமே அது வாழ்ந்து வந்தது. அந்நாவினின்று அதனை வாங்கி ஏட்டில் ஏற்றியதே கி.ரா.வின் பெருந்தொண்டாகும்.

சொல்லைக் காத்தவர்

கி.ரா. கரிசல் மக்கள் பேசும் மொழியிலேயே எழுதினார். அதனைக் கண்டு சிலர் மனம் வருந்தினர். பேச்சு வழக்கு ஏட்டில் ஏறினால் செந்தமிழின் சீர் குன்றும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தினும் ஓர் உண்மை உண்டு. எல்லா வட்டாரத்தாரும் தத்தம் வழக்கிலேயே எழுதினால், ஒருவர் எழுதியது மற்றவர்க்கு விளங்காமற் போதல் கூடும். பொதுமொழி ஒன்று இருத்தலால்தான் குமரியில் வாழ்பவரும் யாழ்ப்பாணத்தில் வாழ்பவரும் ஒரே நூலைப் படித்து மகிழ்கின்றனர்.

ஆயினும், தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை வகுத்தபோது இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் சேர்த்தே நான்காகக் கூறினார் என்பதை மறத்தலாகாது. திசைதோறும் வழங்கும் சொல்லைப் புறந்தள்ளாமல் அதற்கும் இடமளித்தமையே தமிழின் பெருந்தன்மை. மேலும், வட்டாரச் சொல் யாவும் சிதைந்த சொல் அல்ல. உழவரைச் ‘சம்சாரி’ என்றும், வைக்கோற் போரைப் ‘படப்பு’ என்றும், பருத்திச் செடியின் உலர்ந்த தண்டைப் ‘பருத்திமார்’ என்றும் கரிசல் மக்கள் கூறுவர். ஆடுகளை இரவில் வயலில் மடக்கி எருவிடச் செய்வதைக் ‘கிடை’ என்பர். ‘பருத்திமார்’ என்னும் ஒரு சொல்லால் உணர்த்துவதைப் பொதுமொழியில் உணர்த்த மூன்று சொற்கள் வேண்டும். தொழில் செய்வோர் நாவில் பிறந்த சொல்லுக்கு அத்துணைச் சுருக்கமும் கூர்மையும் உண்டு.

இவ்வுண்மையை உணர்ந்த கி.ரா., ஊர்தோறும் வழங்கிய சொற்களைத் திரட்டி, ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ என்னும் நூலை 1982ஆம் ஆண்டில் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு நூறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. புலவர் பலர் கூடிச் செய்த பெரும்பணி அது. பள்ளிப் படிப்பையும் முடிக்காத உழவர் ஒருவர், தம் மண்ணின் சொற்களுக்கெனத் தனியே ஓர் அகராதி படைத்தது எத்துணைப் பெரிய துணிவு!

பிரான்சு நாட்டில் ஒரு சான்று

இத்தகைய பணி பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. பிரான்சு நாட்டின் தென்பகுதி புரோவான்சு எனப்படும். அங்கே 1830ஆம் ஆண்டில் பிறந்த மிஸ்திரால் என்னும் கவிஞர், அப்பகுதியின் மொழியிலேயே காவியங்கள் இயற்றினார். அம்மொழிக்குப் பேரகராதி ஒன்றும் தொகுத்தார். அவருக்கு 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பகுதியிலேயே 1895ஆம் ஆண்டில் பிறந்த ழான் ழியோனோ என்னும் புதின ஆசிரியர், பிரெஞ்சு மொழியில் மலைச்சிற்றூர் மக்களின் வாழ்வைத் தீட்டினார். மக்கள் நீங்கிப் பாழாகிய ஊர் ஒன்று, ஓர் ஆணும் பெண்ணும் மீண்டும் கோதுமை விதைப்பதால் உயிர் பெறுவதை அவருடைய புதினம் ஒன்று கூறுகின்றது. காட்டை அழித்து ஊர் கண்ட கோபல்ல மக்களை அது நமக்கு நினைவூட்டுகின்றது. நிலம் வேறு, மொழி வேறு, மண்ணோடு மனிதன் கொண்ட உறவு ஒன்றே.

முதுமையும் புகழும்

1980களின் இறுதியில் கி.ரா. புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராய் அமர்ந்து, நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணியை மேற்கொண்டார். பள்ளியை இடையில் விட்டவர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அது முதல் புதுவையிலேயே வாழ்ந்தார். கரிசல் நிலத்து இளைஞர் பலர் அவர் காட்டிய நெறியில் எழுத முன்வந்தனர். பூமணி, மேலாண்மை பொன்னுச்சாமி, சோ. தர்மன் ஆகிய மூவரும் பின்னாளில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றனர். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கி.ரா. மறைந்தபோது, தமிழக அரசு இடைசெவலில் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நிகழச் செய்து பெருமைப்படுத்தியது.

சொல் வாழும் வழி

வானம் பொய்த்த கரிசல் நிலத்தில், சென்ற நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் தழைத்தன. சாத்தூர், சிவகாசி வட்டார மக்கள் பலர் ஏரை விடுத்து அத்தொழில்களை நாடினர். அதனால் வயிற்றுக்கு உணவு கிடைத்தது. ஆயின், மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த கமலை மறைந்தது. அதனோடு அதன் உறுப்புகளுக்கு வழங்கிய பெயர்களும் மறையலாயின. பொருள் போனால் சொல்லும் போகும். சொல் போனால், அப்பொருளோடு வாழ்ந்த மக்களின் நினைவும் போகும். போன பொருளை மீட்டல் அரிது. சொல்லையேனும் எழுதி வைத்தல் எளிது.

இன்று கரிசல் நாட்டுச் சிறுவர் சிலர், தம் பாட்டி பேசும் சொல்லைப் பள்ளியில் கூற நாணுகின்றனர். நாணுதல் வேண்டா. தேர்வுத்தாளில் எழுதுதற்குரியது செந்தமிழே. அதில் பிழையின்றி எழுதப் பழகுதல் கடமை. எனினும், பாட்டியின் சொல்லும் தமிழ்த்தாயின் செல்வமே. மாணவர்களே, நும் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, மழைக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் அவர் வழங்கும் பெயர்களைக் கேளுங்கள். கேட்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இடைசெவல் உழவர் ஒருவர் தொடங்கிய தமிழ்த்தொண்டு அங்ஙனம் தொடர்வதாகுக.