எண் ஒரு வேலை, நெட் ஒரு வேலை

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டிய விஷயம் இது.

கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர், அப்படியே கோலாலம்பூர் என்று குடும்பத்தோடு டிக்கெட் போட்டுவிட்டீர்கள். அடுத்து எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது: இங்கே இருக்கிற சிம்முக்கே ரோமிங் பேக் போடலாமா, இல்லை, அட்டை இல்லாமல் போனிலேயே இறக்கிக்கொள்ளும் பயண இ-சிம் வாங்கலாமா? கேட்கிறவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்தே தொடங்குகிறார்கள். விலையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம். வெளிநாட்டில் உங்கள் போனுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. உங்கள் எண் உயிரோடு இருக்க வேண்டும் என்பது ஒன்று. நெட் ஓட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சிம்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். ஊர் திரும்பும் நாளுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டும், அவசரமாக யாருக்காவது பணம் அனுப்ப வேண்டும் என்றால் வங்கி ஓடிபி கேட்கும். அது உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் எஸ்எம்எஸ்ஸாக வரும். யுபிஐ செயலியும் அந்தச் சிம்மோடு பிணைக்கப்பட்டது. முன்பெல்லாம் விமான நிலையத்தில் இறங்கியதும் நம் சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டுவிட்டு அந்த ஊர் சிம்மை மாட்டிக்கொள்வோம். இன்று அப்படிச் செய்தால் பணத்துக்கான கதவை நாமே சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே எதை வாங்கினாலும் சரி, இந்தியச் சிம் போனை விட்டு வெளியே வரக் கூடாது.

போனில் சிம் இருந்தால் மட்டும் போதாது, ரோமிங் வசதியும் திறந்திருக்க வேண்டும். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. ஆனால் சில ப்ரீபெய்ட் திட்டங்களில் தனியாக ஒரு ரீசார்ஜ் போட்டால்தான் ரோமிங்கே திறக்கும். உங்கள் திட்டத்துக்கு எது பொருந்தும் என்பதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே இறங்கிய பிறகு கஸ்டமர் கேரைப் பிடிப்பது பெரிய பாடு. இன்னொன்று, எஸ்எம்எஸ் இலவசமாக வந்தாலும் அழைப்பு அப்படி வராது. பேக் இல்லாமல் ரோமிங்கில் ஓர் அழைப்பை எடுத்தாலே நிமிடக் கணக்கில் காசு போகும். கிரெடிட் கார்டு விற்க அழைப்பவருக்கு நீங்கள் சிங்கப்பூரில் இருப்பது தெரியாது. வீட்டில் உள்ளவர்களிடம் வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடச் சொல்லிவிடுங்கள்.

இனி நெட். ரோமிங்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பல விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும். சாங்கி விமான நிலையத்தில் உங்கள் போன் அந்த ஊர் டவரைத்தான் பிடிக்கும். ஆனால் நீங்கள் தேடுகிற விஷயம் நேராக இணையத்துக்குப் போகாது. பெரும்பாலும் இந்தியாவில் உள்ள உங்கள் நிறுவனத்தின் வாசலுக்கு வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழையும். எதிர்த் தெருக் கடைக்குப் போக, சொந்த ஊர் போய்ச் சுற்றி வருவது போல. இதனால் வேகம் சற்றுக் குறையலாம். ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. இணையத்தின் கண்ணுக்கு நீங்கள் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறீர்கள். இந்தியாவில் மட்டும் ஓடுகிற செயலிகளில் அம்மா பார்க்கிற சீரியல் ரோமிங்கில் பெரும்பாலும் ஓடிவிடும், ஓட்டல் வைஃபையில் ஓடாது.

பயண இ-சிம்மைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் ரோமிங்தான். விற்கிறவர் ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்திடம் மொத்தமாக டேட்டா வாங்கி, சிறு சிறு பொட்டலமாக நமக்கு விற்கிறார். நீங்கள் கோலாலம்பூரில் நின்றுகொண்டிருக்க, உங்கள் நெட் ஹாங்காங் வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ வெளியே போகலாம். மொத்தக் கொள்முதல் என்பதால்தான் விலை குறைகிறது.

நெட் எந்த நாட்டு வாசல் வழியாகப் போகிறது என்பதை வைத்துத்தான் சில ஊர்களில் எல்லாமே தீர்மானமாகும். சீனாவில் அந்த ஊர் சிம்மில் வாட்ஸ்அப்பும் கூகுளும் வேலை செய்யாது. இந்திய ரோமிங்கில் வேலை செய்யும், வெளிநாட்டு வாசல் வழியாகப் போகும் இ-சிம்மிலும் வேலை செய்யும். துபாயில் உள்ளூர் இணைப்பில் வாட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருக்கிறது, ரோமிங்கில் பல நேரம் பேச முடிகிறது. வளைகுடாவில் மகன் வீட்டுக்குப் போகும் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் போனில் இ-சிம் வசதி இருக்கிறதா என்று பார்க்க டயல் பேடில் *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்ற 32 இலக்க எண்ணும் வந்தால் வசதி இருக்கிறது. ஐபோன்களில் 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களிலிருந்து உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அதில் சிம் தட்டே இருக்காது. இந்திய எண்ணையும் இ-சிம்மாக மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும், அதைக் கிளம்புவதற்கு முன்பே செய்தாக வேண்டும். அப்படி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ‘இ-சிம்மாக மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது தாமாகவே அழைத்து எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். உங்கள் எண்ணைத் தன் போனுக்கு இழுத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் துடைக்கிற கூட்டம் அது.

இ-சிம்மை எங்கே வாங்குவது என்பதையும் யோசித்துச் செய்ய வேண்டும். 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற இரண்டு பெரிய செயலிகளை மத்திய அரசு சொன்னதன்பேரில் ஆப்பிளும் கூகுளும் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கின. வெளிநாட்டுச் சிம்மை இங்கே விற்க அனுமதி வேண்டும், வாங்குகிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது இந்திய விதி. பாஸ்போர்ட் கேட்கிற விற்பனையாளரைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். எதுவுமே கேட்காமல் விற்கிறவரிடம்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

வாங்கியதை வீட்டு வைஃபையிலேயே போனில் இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கே நெட் வேண்டும், அங்கே போய் இறங்கியபின் தடுமாறக் கூடாது. ஆனால் செல்லுபடி நாள் எப்போது தொடங்குகிறது என்று முதலில் படியுங்கள். சிலவற்றில் இறக்கிய நிமிடத்திலிருந்து, சிலவற்றில் அந்த நாட்டு டவரைப் பிடித்த பிறகு. ஒரு முறை அழித்துவிட்டால் பல இ-சிம்களை மறுபடி இறக்க முடியாது, அதனால் பயணம் முடியும்வரை கை வைக்காதீர்கள்.

பணம் ஓடிப்போவது பெரும்பாலும் செட்டிங்ஸில்தான், இதைக் கவனமாகக் கேளுங்கள். மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியச் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைக்க வேண்டும். இ-சிம்மில் டேட்டா ரோமிங்கைப் போட வேண்டும். இந்த மூன்றாவதில்தான் பலர் தயங்குகிறார்கள். ‘ரோமிங்கைப் போட்டால் காசு போய்விடுமே’ என்று அணைத்துவிட்டு, இ-சிம் வேலை செய்யவில்லை என்று திட்டுவார்கள். அதுவே ரோமிங் சிம் என்று முன்பே பார்த்தோம் இல்லையா, அதைப் போடாவிட்டால் ஓடாது. நான்காவதாக ஒன்று உண்டு. ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் அடுத்த சிம்மின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி பல போன்களில் இருக்கிறது. அதையும் அணைத்துவிடுங்கள். எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய எண்ணிலேயே தொடரும்.

எவ்வளவு டேட்டா வாங்குவது? மேப்பும் வாட்ஸ்அப் செய்தியும் அதிகம் தின்னாது. தின்பது வீடியோ. ஐபோனில் 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ 170 எம்பி. பத்துமலையில் ஆறு நிமிடம் எடுத்தால் 1 ஜிபி ஆகிவிடும், போன் அதை உங்களைக் கேட்காமல் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றினாலே சின்ன பேக் போதும். ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால் அடியில் சிறிய எழுத்தைப் படியுங்கள். தினமும் குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பவை பல, ஹாட்ஸ்பாட்டைத் தடுப்பவையும் உண்டு.

நாட்டுப் பட்டியலையும் அப்படியே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ஒரு நாட்டுச் சிம்மைக் கூடுதல் கட்டணமில்லாமல் மற்ற நாடுகளிலும் பயன்படுத்தலாம். அதை நம்பிப் பாரிஸில் சிம் வாங்கிக்கொண்டு சுவிட்சர்லாந்து போகிறவர்கள் மாட்டிக்கொள்வது உண்டு, அந்த நாடு ஒன்றியத்தில் இல்லை. சிங்கப்பூரிலும் உட்லண்ட்ஸ் பக்கம் போனால் போன் மலேசியாவின் ஜொகூர் டவரைப் பிடிக்கும். நம் தனுஷ்கோடியிலேயே இலங்கை டவர் கிடைக்கிறதே! ஆகவே இரண்டு நாடும் சேர்ந்த பேக்காக வாங்குங்கள். சொகுசுக் கப்பலில் ஏறினால் பிளைட் மோடில் போட்டுவிடுங்கள், கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைச் சாதாரண பேக் எதுவும் தாங்காது.

இப்போது விலைக்கு வரலாம். நான்கு பேருக்கு நான்கு ரோமிங் பேக் என்பது பெரிய தொகை. ஆளுக்கு ஒரு இ-சிம், அல்லது இருவரிடம் கொஞ்சம் பெரிய இ-சிம் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பது கணிசமாக மிச்சம் பிடிக்கும். ஒருவரிடம் மட்டும் வேண்டாம். சிங்கப்பூர் முஸ்தஃபா சென்டர் கடைக்குள் ஆளுக்கு ஒரு மாடியாகப் பிரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டு, மூன்று நாள் அலுவல் பயணத்துக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை, ரோமிங் பேக்கே சரி.

அப்பா, அம்மா தனியாகப் போகிறார்கள் என்றால் கணக்கே பார்க்காதீர்கள். அவர்களுடைய எண்ணுக்கே ரோமிங் பேக் போட்டுவிடுங்கள். இறங்கியதும் போன் தானாக வேலை செய்ய வேண்டும், வழக்கமான எண்ணிலேயே உங்களைக் கூப்பிட முடிய வேண்டும். குடியேற்ற வரிசையில் நின்றுகொண்டு எந்தச் சிம்மில் எதை அணைப்பது என்று அவர்கள் திகைத்து நிற்பதைவிடச் சில நூறு ரூபாய் கூடப் போவது எவ்வளவோ மேல்.