கடைச் சீட்டும் கணக்குப் பொறியும்

கடையிலிருந்து வீடு திரும்பியதும் பையிலுள்ள பண்டங்களை அலமாரியில் அடுக்குகிறோம். அவற்றுடன் வந்த நீண்ட காகிதச் சீட்டைக் கசக்கி எறிந்துவிடுகிறோம். அச்சீட்டை நிதானமாகப் படித்துப் பார்க்கும் வழக்கம் நம்முள் எத்தனை பேருக்கு உண்டு?

தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நமக்குக் கடையின் கணக்குப் பொறி ஓர் உபகாரம் செய்திருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த மூதாட்டி ஒருவர், அவ்வூர் மொழியில் ஒரு சொல்லும் அறியாமலே, துவரம் பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கித் திரும்பிவிடலாம். விலை கேட்க வேண்டியதில்லை. பேரம் பேச வேண்டியதில்லை. எனினும், வாய் திறவாமல் வாங்குகிறவர் வாய் திறவாமலே நஷ்டப்படவும் கூடும். ஆகவே, அப்பொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

இதன் மூதாதை பிறந்தது அமெரிக்காவில். ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், பணியாட்கள் விற்பனைப் பணத்தைக் கணக்கில் காட்டாமல் எடுத்துக்கொள்வது கண்டு மனம் நொந்திருந்தார். 1878-ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது, கப்பலை உந்தும் விசிறியின் சுழற்சிகளை எண்ணிக் காட்டும் கருவி ஒன்றைக் கண்டார். சுழற்சியை எண்ணும் கருவி காசை எண்ணலாகாதா என்று சிந்தித்து, 1879-இல் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பணப்பெட்டியும் மணியும் காகிதச் சுருளும் பின்னர் வந்து சேர்ந்தன. ஆக, இப்பொறி தோன்றியது கடை முதலாளியின் பணத்தைக் காப்பதற்கே. வாங்குவோரைக் காப்பதற்கு அன்று. இதை நாம் மறத்தலாகாது.

அடுத்த பெரிய மாறுதல் 1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் நிகழ்ந்தது. அதே ஒஹையோவில், டிராய் என்னும் ஊரின் பேரங்காடியில், சூயிங்கம் பொட்டலம் ஒன்றின் கோட்டுக் குறியை முதன்முதலாக ஒளிக்கருவி படித்தது. அதன் விலை 67 சென்ட்.

கறுப்பும் வெளுப்புமான அக்கோடுகளுக்குள் விலை அடங்கியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பொட்டலத்தின் மேல் அச்சிட்டு வரும் குறியில் இருப்பது ஓர் எண் மட்டுமே. வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புக் கோடு அதை விழுங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி எண்ணைப் படிக்கிறது. அவ்வெண்ணுக்குரிய பண்டம் எது, விலை என்ன, வரி என்ன என்பனவெல்லாம் கடையின் கணினியில் உள்ள பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனங்களின் எண் 890 என்று தொடங்கும்.

எண்ணைத் தவறாகப் படித்துவிட்டால்? அதற்கும் காவல் உண்டு. 8901234567890 என்று ஒரு கற்பனை எண்ணைக் கொள்வோம். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, இடப்புறமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களின் கூட்டுத்தொகை 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதைப் பத்தால் மீதியின்றி வகுக்கலாம். ஆதலால் கடைசி இலக்கம் 0. ஓர் இலக்கம் பிசகினாலும் இக்கணக்கு ஒவ்வாது. கருவி அதை ஏற்காது. பிள்ளைகள் வீட்டிலுள்ள பொட்டலங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆகவே எண்ணில் பிழை நேர்வது அரிது. பிழை நேர்வது விலைப் பட்டியலில். அதை எழுதுவதும் தேர்வதும் மனிதர் அல்லவா?

சென்ற மாதம் நாம் தேங்காய் எண்ணெய் இரண்டு புட்டி வாங்கினோம். புட்டியின் மேல் அச்சிட்டிருந்த உச்ச விலை 240 ரூபாய். சீட்டிலோ 265 ரூபாய். பணம் வாங்கும் பெண்ணிடம் புட்டியைக் காட்டினோம். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். விலை உயர்ந்த பின் வந்த புதுச் சரக்கும் பழைய சரக்கும் ஒரே கோட்டுக் குறியைத் தாங்கியிருந்தன. கருவியால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. இரு விலைகளையும் காட்டி, எது என்று கேட்கிறது. வரிசை நீண்டிருந்த அவசரத்தில் அவர் மேல் வரியை அழுத்திவிட்டார். வருத்தம் தெரிவித்து 50 ரூபாயைத் திருப்பித் தந்தார். அவர் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் அன்று காலை முதல் அவ்வெண்ணெயை வாங்கிச் சென்றவர் எத்தனை பேர், அவர்களுள் சீட்டைப் பார்த்தவர் எத்தனை பேர் என்ற எண்ணமே வழி நெடுக மனத்தை உறுத்திற்று.

பணம் செலுத்துமுன் செய்யத்தக்கவை சிலவே. பண்டத்தின் எண்ணிக்கையையும் அச்சிட்ட விலையையும் சீட்டோடு ஒப்பிடுக. உச்ச விலையில் எல்லா வரிகளும் அடங்கியுள்ளன. அதற்கு மேல் வரி என்று தனியே கேட்பது முறையன்று. காய்கறிக்குக் கடையிலேயே எடை போட்டு ஒட்டும் சீட்டில் பெயரும் எடையும் சரியா என்று பார்க்க. எடை போடுபவர் தக்காளிக்குரிய எண்ணுக்குப் பதில் வேறோர் எண்ணை அழுத்தியிருக்கலாம். கைப்பேசியால் பணம் செலுத்துவோர் திரையில் தோன்றும் தொகையைப் படித்த பின்னரே இரகசிய எண்ணை இடுக. குறை தீராவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நம் ஊர் மளிகைக் கடையில் அம்மா சிறு நோட்டில் கணக்கு எழுதி வைத்து, மாத முடிவில் கடைக்காரரின் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பது வழக்கம். அவர் கடைக்காரரை ஐயுற்றதில்லை. கணக்கு என்றால் இருவர் பார்க்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. பேரேட்டின் இடத்தில் பொறி வந்துவிட்டது. நோட்டின் இடத்தில் இருப்பது நாம் கசக்கி எறியும் அந்தச் சீட்டுத்தான்.